ஆடிக் கூழுக்குப் பெயர் கொடுக்கும் முன்: முதுகு, கழுத்து, கை வலி பற்றிக் கொஞ்சம் மனசு விட்டு



ஆடி பிறக்க இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. வழக்கம்போல இந்த வருஷமும் ஆடி வெள்ளிகளில் கூழ் ஊற்ற மடப்பள்ளிக்கு ஆள் வேண்டும். பெயர்ப் பட்டியல் மண்டபத்துப் பலகையில் ஒட்டியாச்சு, புலனக் குழுவிலும் போட்டாச்சு. இந்தத் தடவை அந்தப் பட்டியலில் புதுசா ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "எங்கே வலிக்குது? கை மரத்துப் போகுதா?" என்று கேட்டிருக்கிறோம். "இது என்ன, கோயிலா கிளினிக்கா?" என்று ரெண்டு மூணு பேர் சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டாங்க. கேட்டது நியாயம்தான். அதுக்குப் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பசியாறிட்டு உட்கார்ந்து படிங்க.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம், நாங்கள் டாக்டர்கள் இல்லை. காய் வெட்டுகிற, அண்டா கழுவுகிற, பூக் கட்டுகிற தொண்டூழியர்கள். இதில் எழுதியிருப்பது எங்களைப் பார்த்த டாக்டர்கள் சொன்னதும், நம் கோயிலுக்கு வருகிற ஒரு தங்கச்சி சொல்லிக் கொடுத்ததும். அந்தத் தங்கச்சி அரசாங்க மருத்துவமனையில் பிசியோவாக வேலை செய்கிறார். இந்தப் பதிவையும் அவர் ஒருமுறை படித்துத் திருத்திக் கொடுத்த பிறகுதான் போடுகிறோம்.

இனி பூக்கார அக்கா கதை. அவரிடம் கேட்டு, அவர் "எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொன்ன பிறகே எழுதுகிறோம்.

அக்காவைத் தெரியாதவர்கள் நம் கோயிலில் குறைவு. வியாழக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்தால், வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் போடுகிற மாலை அத்தனையும் அவர் கையால்தான். இருபது வருஷத்துக்கு மேல். மல்லிகை, சம்பங்கி, துளசி, எதைக் கொடுத்தாலும் ஒரே சீராக் கட்டுவார். முடிச்சு எங்கே இருக்குன்னு தேடினாலும் தெரியாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்த மாலை தளர ஆரம்பித்தது. முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. அப்புறம் குருக்கள் மாலையைச் சாத்தும்போது பூ உதிர்ந்தது. ஒரு மாலை நடுவில் அவிழ்ந்தே போனது. அக்காவுக்கு அறுபது நெருங்குது, சர்க்கரையும் இருக்கு, கை நடுங்குது போல என்று நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். அவர் மனசு நோகக்கூடாது என்று ஒரு காரியம் செய்தோம். அவர் வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்களில் ரெண்டு பேர் உட்கார்ந்து அந்த மாலைகளை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினோம். யாருக்கும் சொல்லவில்லை. அவருக்கும் சொல்லவில்லை. இப்படியே ஏழெட்டு மாதம்.

அந்த ஏழெட்டு மாதத்தில் வேறு சிலதும் நடந்தது. விபூதித் தட்டு கையிலிருந்து விழுந்தது. உண்டியலில் போடும் காசை விரலால் எடுக்க முடியாமல் தடவினார். ரவிக்கைக் கொக்கி மாட்ட மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. பிரகாரம் சுற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "என்ன அக்கா, கப்பல்ல போறமாதிரி போறீங்க?" என்று நாங்களே கிண்டல் பண்ணினோம். அவரும் சிரித்தார். வலி இருக்கா என்று யாராவது கேட்டால் "வலியெல்லாம் இல்லப்பா, கொஞ்சம் கழுத்து இறுக்கம், அவ்வளவுதான்" என்பார். வலி இல்லையே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பிசியோ தங்கச்சி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பூ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அவர் விரலையே பார்த்துவிட்டு, "அம்மா, கையை நல்லா மூடி, நல்லா விரிங்க. எவ்வளவு வேகமா முடியுதோ அவ்வளவு வேகமா" என்றார். கைப்பேசியில் பத்து வினாடி பார்த்தார். சாதாரணமாக இருபது தடவையாவது வரும். அக்காவுக்குப் பதினொன்றுதான் வந்தது. தங்கச்சி முகம் மாறிவிட்டது. "இது கை பிரச்சினை இல்லம்மா. கழுத்தைப் பார்க்கணும். தள்ளிப் போடாதீங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. நம் கழுத்தில் ஏழு எலும்பு. அதன் நடுவில் இருக்கிற குழாய் வழியாகத்தான் மூளையிலிருந்து தண்டுவடம் கீழே இறங்குகிறது. வயசாக ஆக எலும்புக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் வற்றிப் போகும், எலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளரும், தசைநார் தடிக்கும். சிலருக்கு இதெல்லாம் சேர்ந்து அந்தக் குழாயையே குறுக்கித் தண்டுவடத்தை நசுக்கும். அப்போது முதலில் போவது விரலின் நுணுக்கம். பொத்தான் போடுவது, கொக்கி மாட்டுவது, கையெழுத்து, பூ முடிச்சு. அடுத்தது நடையில் தடுமாற்றம். பல பேருக்கு வலி பெரிசா இருக்காது. அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

அக்காவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அறுவை சிகிச்சை நடந்தது. நடை தேறிவிட்டது. கொக்கி அவரே மாட்டிக்கொள்கிறார். ஆனால் விரல் பழைய மாதிரி வரவில்லை. டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார், இந்த அறுவை சிகிச்சையின் முதல் வேலை மேலும் மோசமாகாமல் நிறுத்துவது. போனதில் எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு சீக்கிரம் வந்தோம் என்பதையும் பொறுத்தது என்று.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது நாங்கள் மாலையைத் திருப்பிக் கட்டிய விஷயத்தை ஒப்புக்கொண்டோம். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "என் மாலை தளருதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் தெரிஞ்சிருக்கு. யாராச்சும் ஒருத்தர் வாயத் திறந்திருக்கலாம்ல?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. பெயர்ப் பட்டியலில் அந்தக் கட்டம் வந்தது அதனால்தான்.

அதுக்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மடப்பள்ளிக் குழு எல்லாரையும் மண்டபத்தில் உட்கார வைத்து, பிசியோ தங்கச்சி ஒவ்வொருவராகக் கேட்டார். "வலி இல்லாதவங்க கையத் தூக்குங்க" என்றதும் ரெண்டே பேர்தான் தூக்கினாங்க. அதிலும் ஒருத்தருக்குக் கை தோளுக்கு மேல் போகவில்லை! அன்றைக்குத்தான் தெரிந்தது, நாம் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, வலியை மறைத்துக்கொண்டே வேலை செய்திருக்கிறோம் என்று. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

இடுப்பு, முதுகு

நம் கோயிலில் அதிகம் கேட்கிற வார்த்தை "இடுப்புப் பிடிச்சுக்கிச்சு". அரிசி மூட்டை தூக்கும்போது, அண்டாவைச் சரிக்கும்போது, குனிந்து கோலம் போட்டுவிட்டு எழும்போது, திடீரென்று பிடிக்கும். பயந்துபோய் "டிஸ்க் நகர்ந்துடுச்சு" என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். உண்மையில் வட்டு என்பது தட்டு மாதிரி நழுவி வெளியே வரக்கூடிய பொருள் இல்லை. ரெண்டு எலும்போடும் இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. சில சமயம் அது புடைக்கும், அல்லது வெளிப்பக்கம் கிழிந்து உள்ளே இருப்பது பிதுங்கும். பெரும்பாலான இடுப்பு வலிக்கு இப்படி ஒரு தனிக் காரணத்தைச் சுட்டிக்காட்டவே முடியாது. தசை, மூட்டு, தசைநார் எல்லாம் சேர்ந்து கோபித்துக்கொள்வதுதான். அது சில நாளிலோ சில வாரத்திலோ தானாகவே தணியும்.

தணிவதற்கு நாம் செய்ய வேண்டியது படுத்துக்கிடப்பது இல்லை. இது எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. முன்பெல்லாம் ஒரு வாரம் பலகையில் படு என்பார்கள். இப்போது டாக்டர்கள் சொல்வது வேறு. ரொம்ப வலித்தால் ஒன்றிரண்டு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் எழுந்து நடக்கணும், வீட்டுக்குள்ளேயாவது நடக்கணும். படுத்தே இருந்தால் தசை பலம் போய், வலி நீடிக்கும். சுடு ஒத்தடம் நல்லது. சர்க்கரையால் தோல் மரத்துப்போனவர்கள் மட்டும் ஜாக்கிரதை, சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும்.

வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே கம்பி இழுத்த மாதிரி இறங்கினால் நரம்பு உரசுகிறது என்று அர்த்தம். இதுவும் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே சில வாரங்களில் இருந்து மூணு மாதத்துக்குள் குறைந்துவிடுகிறது. பிதுங்கிய வட்டு பல பேருக்குத் தானாகவே சுருங்கும்.

ஸ்கேன் பற்றியும் ஒன்று. எங்கள் அண்ணன் ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டில் வட்டு தேய்ந்திருக்கு என்று படித்த நாளிலிருந்து ஒரு பாத்திரத்தைக்கூடத் தூக்க மறுத்துவிட்டார். பிசியோ தங்கச்சி அவருக்கு ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். முதுகு வலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015ல் வெளியிட்டிருக்கிறார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 விழுக்காடு. இத்தனைக்கும் இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. தலை நரைக்கிற மாதிரி வட்டும் நரைக்கிறது, அவ்வளவுதான். அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்து முடங்கிவிடாதீர்கள். உங்கள் உடம்பு சொல்வதையும் டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்வதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கழுத்து

குனிந்து பூக் கட்டுகிறோம், குனிந்து காய் வெட்டுகிறோம், வீட்டுக்குப் போய்க் குனிந்து கைப்பேசி பார்க்கிறோம். கழுத்து இறுகுவதில் ஆச்சரியம் இல்லை. சாதாரண இறுக்கம் என்றால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, தோளைப் பின்னால் சுழற்றி, தாடையை லேசாக உள்ளே இழுத்துப் பத்து தடவை செய்தாலே பாதி இறங்கிவிடும். வலி கழுத்திலிருந்து கிளம்பித் தோள், முழங்கை தாண்டி விரல் வரை ஓடினால் நரம்பு அழுத்தம். டாக்டரிடம் காட்டுங்கள். பூக்கார அக்கா மாதிரி விரல் நுணுக்கம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே காட்டுங்கள். அந்த நிலையில் உருவுகாரரிடம் போய்க் கழுத்தைத் திருப்பிச் "சொடுக்கு" எடுக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே நசுங்கியிருக்கும் தண்டுவடத்துக்கு அது பெரிய ஆபத்து.

தோள்

"தலைக்கு மேல கை கூப்ப முடியல." தீபாராதனை நேரத்தில் நெஞ்சோடு கையை வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள் நம்மிடையே நிறைய பேர். நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், அதிலும் பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகமாக வருவது உறைந்த தோள், ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். மூட்டைச் சுற்றியிருக்கும் பை தடித்துச் சுருங்கிவிடுகிறது. முதல் சில மாதம் வலி, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. அப்புறம் வலி குறைந்து இறுக்கம் கூடும். அப்புறம் மெதுவாக இளகும். மொத்தம் ஒன்றிலிருந்து மூணு வருஷம்கூட ஆகலாம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வலிக்கிற கையை இன்னொருவர் தூக்கிவிட்டால் மேலே போகிறதா? போகவில்லை என்றால் பெரும்பாலும் உறைந்த தோள். தானாகத் தூக்க முடியவில்லை, இன்னொருவர் தூக்கினால் போகிறது என்றால் தோள் தசைநாரில் பிரச்சினை இருக்கலாம். ரெண்டுக்கும் பயிற்சி வேறு. அதனால் யாரோ காணொளியில் காட்டியதை அப்படியே செய்யாமல் ஒருமுறை பிசியோவிடம் போய்விடுங்கள். வலி கடுமையாக இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் மூட்டுக்குள் போடும் ஊசி சிலருக்கு நல்ல பலன் தரும். ஆனால் அந்த ஊசி சில நாள் சர்க்கரையை ஏற்றும், டாக்டரிடம் சர்க்கரை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரையைப் பற்றி ஏன் இத்தனை தடவை சொல்கிறோம் என்றால், 2023ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. தோள் உறைவதும், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்வதும், கை மரத்துப்போவதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். சிலருக்குத் தோள் வலிக்காகப் போன இடத்தில்தான் சர்க்கரையே தெரிய வருகிறது.

முழங்கை, மணிக்கட்டு, விரல்

முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பில் குத்துகிற வலிக்கு டென்னிஸ் எல்போ என்று பெயர். எங்களில் யாரும் டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லை. அண்டாவில் கரண்டி போட்டுக் கிண்டுவதும், ஈரத் துணியைப் பிழிவதும், மொட்டைக் கத்தியால் பூசணி வெட்டுவதும் போதும். மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் வந்து சேர்கிற இடம் அது. பாத்திரத்தைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்த்தபடி தூக்கினால் வலி குறையும். குணமாக மாதக் கணக்கு ஆகும், ஆனால் பெரும்பாலும் ஆகிவிடும்.

ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறீர்களா? கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி, இவை மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது. கார்ப்பல் டனல் என்பது இதுதான். மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை ஒன்றை ராத்திரி மட்டும் கட்டிக்கொண்டாலே பலருக்குக் குறைகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால் முழங்கையில் நெருக்கம் இருக்கலாம். கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் வலித்தால் அங்கே தசைநார் உறை வீங்கியிருக்கலாம். பச்சைக் குழந்தையைத் தூக்கும் அம்மாக்களுக்கும், பேரப் பிள்ளையைத் தூக்கும் பாட்டிகளுக்கும் இது சகஜம். எந்த விரல், எந்த நேரம் என்று கவனித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

தைலம், உருவு, மாத்திரை

நாம் எல்லாரும் தைலக் குப்பி இல்லாமல் கோயிலுக்கு வராதவர்கள்தான். தைலம் தேய்ப்பதில் தப்பில்லை, வலி மரத்து ஆறுதலாக இருக்கும். மென்மையாக உருவிவிடுவதும் தசையை இளக்கும். கோயோக் ஒட்டிக்கொள்வதும் அப்படித்தான். இவை வலியைத் தணிக்கும், அந்த நேரத்தில் நடக்கலாம், பயிற்சி செய்யலாம். ஆனால் மறுபடி பலம் சேர்ப்பது பயிற்சிதான்.

கடையில் வாங்கும் வலி மாத்திரையில் கவனம் வேண்டும். இரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை, வயிற்றுப் புண் உள்ளவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் ஆகாது. கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. "மூலிகைதான், பக்க விளைவே இல்லை, மூணே நாளில் வலி போயிடும்" என்று யாரோ புலனத்தில் விற்கிற மாத்திரை. இப்படி விற்கப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகளும் சிங்கப்பூர் அதிகாரிகளும் பல தடவை எச்சரித்திருக்கிறார்கள். மூணு நாளில் வலி போவது அந்த ஸ்டீராய்டால்தான். கூடவே முகம் உப்பும், சர்க்கரையும் அழுத்தமும் ஏறும், எலும்பு பலவீனமாகும். எங்கள் குழுவிலேயே ஒருவர் ஒரு வருஷம் இதைச் சாப்பிட்டு, முகம் உருண்டையாகி, "வெயிட் போட்டுட்டேன்" என்று நினைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் இப்படி எதையாவது ரொம்ப நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் உயிருக்கு ஆபத்து. மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

இதை மட்டும் தனியாகப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பு வலியோடு சிறுநீர் போக முடியாமல் போவது அல்லது தெரியாமல் போய்விடுவது, மலம் அடக்க முடியாதது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, ரெண்டு காலும் பலம் இழப்பது: அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலி, விழுந்த பிறகு வரும் வலி, படுத்தாலும் குறையாமல் ராத்திரி எழுப்புகிற வலி: சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தோளிலோ இடது கையிலோ தாடையிலோ வலி வந்து, கூடவே நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்குதல், குளிர்ந்த வியர்வை இருந்தால் அது இதயமாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 999க்கு அழையுங்கள்.

மடப்பள்ளியில் நாங்கள் மாற்றியது

பெரிய செலவு எதுவும் இல்லை. நிர்வாகமும் ஒத்துழைத்தது, நன்றி.

25 கிலோ மூட்டைக்குப் பதிலாக இப்போது 10 கிலோ பைதான் வாங்குகிறோம். உபயம் கொடுப்பவர்களும் தயவுசெய்து அப்படியே வாங்கிக் கொடுங்கள். தூக்கும்போது உடம்போடு அணைத்துத் தூக்குகிறோம். அதே எடையைக் கையை நீட்டிப் பிடித்தால் இடுப்புக்குப் பல மடங்கு சுமை. நிரம்பிய அண்டாவைத் தூக்குவதே இல்லை. சின்னப் பாத்திரத்தில் மொண்டு மாற்றுகிறோம், அல்லது தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறோம்.

காய் வெட்டத் தரையில் பாய் விரிப்பதோடு மேசையும் போட்டாச்சு. முழங்கை உயரத்துக்கு மேசை இருந்தால் கழுத்தும் முதுகும் குனிய வேண்டியதில்லை. கத்தி வாரம் ஒருமுறை சாணை பிடிக்கிறோம். பூக் கட்டும் இடத்தில் ஒரு கொக்கி அடித்து, மாலையை நெஞ்சு உயரத்தில் தொங்கவிட்டுக் கட்டுகிறோம்.

கூழ் கிண்டுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். ஒலிபெருக்கியில் ரெண்டு பாட்டு முடிந்தால் ஆள் மாற வேண்டும். "இன்னும் எனக்குத் தெம்பு இருக்கு" என்று சொன்னாலும் துடுப்பைக் கொடுத்துவிட வேண்டும். போன வருஷம் ஒரு அண்ணன் கோபித்துக்கொண்டார். இந்த வருஷம் அவரேதான் ஆளை மாற்றிவிடும் பொறுப்பு!

ஆடிப்பூரத்துக்குப் பால்குடம் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கழுத்து நரம்புப் பிரச்சினை இருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தால் தலையில் சுமக்காதீர்கள். குருக்களிடம் கேட்டோம். சின்னச் செம்பில் எடுத்து நெஞ்சோடு அணைத்து வந்தாலும் அம்மனுக்கு அது அபிஷேகப் பால்தான் என்றார். வேண்டுதலைக் குறைத்ததாக நினைக்க வேண்டாம்.

கடைசியாக

இதுவரை நாங்கள் "சேவை செஞ்சா வலி தன்னால போயிடும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னோம். ஆனால் அந்த வார்த்தை பல பேர் வாயை அடைத்துவிட்டது. வலி இருக்கிறது என்று சொன்னால் பக்தி குறைவு என்று ஆகிவிடுமோ, அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். பூக்கார அக்காவுக்கும் அந்தப் பயம்தான் இருந்திருக்கிறது. மாலை கட்டுவதிலிருந்து தன்னை எடுத்துவிடுவோமோ என்றுதான் அவர் பேசாமல் இருந்தார். அவர் மனசு நோகுமே என்றுதான் நாங்கள் பேசாமல் இருந்தோம்.

இப்போது வியாழக்கிழமைகளில் அக்கா வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து, நாலு பெண் பிள்ளைகளுக்கு முடிச்சுச் சொல்லிக் கொடுக்கிறார். அவரும் ஒரு சின்னச் சரம் கட்டுகிறார். ஒரு முழம் கட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. சில முடிச்சு தளர்வாகத்தான் இருக்கும். அதை நாங்கள் அவிழ்ப்பதில்லை. அவரே எங்களைக் கூப்பிட்டு, "இது சரியா இருக்கா, பார்த்துச் சொல்லு" என்பார். நாங்களும் உள்ளதைச் சொல்கிறோம்.

ஆகவே, பட்டியலில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். வலி இருந்தால் எழுதுங்கள். வலி இருப்பதால் யாரையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், பொருத்தமான வேலை தருவோம். எண்ணி அடுக்குவது, கூப்பன் கொடுப்பது, செருப்பு பார்த்துக்கொள்வது, வயசானவர்களைக் கைப்பிடித்து அழைத்து வருவது, எல்லாமே அம்மன் வேலைதான். பக்கத்தில் நிற்கிறவர் கையிலிருந்து கரண்டி ரெண்டாவது தடவை விழுந்தால், எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன அண்ணே, என்ன அக்கா, கை எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் பிசியோ தங்கச்சி அரை மணி நேரம் எளிய பயிற்சிகள் சொல்லித் தருகிறார். கட்டணம் இல்லை. தளர்வான உடை போட்டு வாங்க. அப்புறம் பசியாறிட்டுப் போகலாம்.

மடப்பள்ளியில் பார்ப்போம். ஓம் சக்தி 🙏